தானாகத் திரும்பாத மரங்கள்

வெட்டப்பட்ட மழைக்காட்டை அப்படியே விட்டுவிட்டால் அது மீண்டும் காடாகும். மண் கெடாமல், மழை பொய்க்காமல் இருந்தால் வெப்பமண்டலத்தில் இதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. முதல் மழைக்கே புல்லும் செடியும் கிளம்பும். சில ஆண்டுகளில் வட்டக்கண்ணி போன்ற, வெயிலை விரும்பும் மென்மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். இருபது ஆண்டுகள் கழித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் போர்வை இடைவெளியின்றித் தெரியும். அழிவுக்குப் பின் இப்படித் தானாக எழும் காட்டுக்கு இரண்டாம் நிலைக் காடு என்று பெயர். உலகில் எஞ்சியிருக்கும் வெப்பமண்டலக் காடுகளில் பாதிக்கு மேல் இத்தகையவை, அல்லது மரம் வெட்டிச் சிதைந்தவை.

இரண்டாம் நிலைக் காட்டை மட்டமாக நினைப்பது தவறு. அது மண்ணைப் பிடித்து வைக்கிறது, ஓடைகளுக்கு நிழல் தருகிறது, கரியமில வாயுவை வேகமாக உள்ளிழுக்கிறது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: திரும்பி வந்த காட்டில் பழைய மரங்கள் இருக்கின்றனவா? லத்தீன் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அளவோடு விடை சொன்னது. கைவிடப்பட்ட நிலத்தில் இருபது ஆண்டுகளில் மர இனங்களின் எண்ணிக்கை முதிர்ந்த காட்டில் இருப்பதில் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் எந்தெந்த இனங்கள், எந்த விகிதத்தில் என்று பார்த்தால் மீட்சி 34 சதவீதம்தான். அந்தக் கணக்கு முழுமையடைய நூற்றாண்டுகள் ஆகும். அதாவது தலைக்கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, நிரப்புகிறவை வேறு இனங்கள்.

வராமல் போகும் மரங்களுக்கு உலகெங்கும் ஒரே சாயல் உண்டு. விதை பெரியது. வளர்ச்சி மெதுவானது. மரம் கடினமானது. இளங்கன்று நிழலில் ஒதுங்கி வாழும். பெரும்பாலும் பெரிய பறவையோ பாலூட்டியோதான் அதன் விதையைச் சுமந்து செல்லும். அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருக்கும் வெப்பமண்டல மரங்களில் பலவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. 2021-ல் வெளியான உலக மரங்களின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 58,500 மர இனங்களில் 17,500 இனங்கள் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் 440-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இயற்கையில் ஐம்பது மரங்கள்கூட மிச்சமில்லை. இத்தகைய அரிய மரங்களை இரண்டாம் நிலைக் காட்டுக்குள் மனிதர் கையால் மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

விதைகள் ஏன் வந்து சேர்வதில்லை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பாதியில், ஏறக்குறைய 700 மீட்டருக்கும் 1,400 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள பசுமைமாறாக் காட்டை மூன்று மரங்களின் பெயரால் தாவரவியலாளர்கள் அழைக்கிறார்கள்: வெடிபலா, நாங்கு, பாலி. மூன்றுமே பெரிய விதை கொண்டவை. இவற்றில் வெடிபலாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சிக்கல் முழுவதும் புரியும்.

வெடிபலா டுரியனின் உறவு. கிளைகளின் மேல் இலைகளுக்குக் கீழே கொத்துக்கொத்தாகப் பழுப்பு மஞ்சள் நிறத்தில் பூக்கும். அந்தப் பூவில் இதழ் கிடையாது. தடித்த புல்லி வட்டம்தான் உண்டு, அதுவும் தேனும்தான் விலங்குகளுக்குத் தீனி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காக்காச்சியில் நடந்த ஆய்வுகள், இந்தப் பூக்களைத் தேடி வரும் குரங்கு, மரநாய், மலையணில் போன்ற மரவாழ் பாலூட்டிகளே மகரந்தத்தையும் எடுத்துச் செல்கின்றன என்று காட்டின. பிறகு வரும் காய் சிறிய பலாக்காய் போல முள் மூடியிருக்கும். பழுத்து வெடித்தால் உள்ளே வழவழப்பான, செம்பழுப்பு நிறத்தில் பெரிய விதைகள். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கின் முக்கிய உணவுகளில் ஒன்று இந்த மரத்தின் பூவும் விதையும்.

இத்தனை கனமான விதை காற்றில் பறக்காது. தாய்மரத்தடியில் விழுந்த விதைகளில் பெரும்பங்கை எலியும் முள்ளம்பன்றியும் வண்டுப்புழுவும் தின்றுவிடும். தப்பியது முளைத்தாலும், தாயின் காலடியில் நெருக்கமாக முளைக்கும் கன்றுகளைப் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் கண்டுபிடித்து அழிக்கின்றன. எனவே தள்ளிப் போய் விழும் சில விதைகளுக்குத்தான் எதிர்காலம். தள்ளிப் போடும் விலங்குக்கும் வனத்துண்டுக்கும் நடுவே ஐந்நூறு மீட்டர் தேயிலை இருந்துவிட்டால் அந்தப் பயணம் அறுந்துபோகும்.

இன்னொரு தடை விதைக்குள்ளேயே இருக்கிறது. நெல், கேழ்வரகு விதைகளை நன்றாக உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். உலகின் விதை வங்கிகள் அப்படித்தான் விதைகளை உலர்த்தி, உறைநிலைக்கு 20 டிகிரி கீழே சேமிக்கின்றன. மழைக்காட்டின் முதிர்நிலை மரங்கள் பலவற்றின் விதைகளுக்கு இது பொருந்தாது. ஈரம் குறைந்தால் செத்துவிடும். குங்கிலியக் குடும்ப மரங்களின் விதைகள் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் உயிர் இழக்கும். ஆகவே மண்ணுக்குள் அவை காத்துக் கிடப்பதில்லை. வட்டக்கண்ணியின் கடுகளவு விதையோ மண்ணில் உறங்கி, வெயில் பட்டதும் விழிக்கும். வெட்டப்பட்ட காட்டின் மண்ணை அள்ளிச் சோதித்தால் முளைப்பதெல்லாம் இந்த முன்னோடி மரங்களும் களைகளும்தான்.

களைகள் தனிப் பிரச்சினை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையின் திறந்த வனங்களில் புதராக அடைத்துக்கொண்டது. மைக்கானியா கொடி இளமரங்களின் மேல் ஏறி மூடுகிறது. இலங்கையின் ஈரவலயத்தில் கெக்கில்ல என்னும் பெரணி எரிந்த சரிவுகளைக் கம்பளமாக மூடி, அதற்குள் எந்த மரக்கன்றும் எழாதபடி பல ஆண்டுகள் பிடித்து வைக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் காடு மீள்வது மெதுவாக நடக்கவில்லை, நின்றே போயிருக்கிறது.

ஆனைமலையில்

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் இங்கே மழைக்காடு வெட்டப்பட்டது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் வனங்களும் நிற்க, நடுவில் தேயிலைக் கடலுக்குள் தீவுகளாகச் சில பத்து மழைக்காட்டுத் துண்டுகள் தங்கின. சில துண்டுகள் ஓரிரு எக்டேர், சில நூறு எக்டேரைத் தாண்டியவை. பலவற்றில் ஒருகாலத்தில் அடிக்காட்டை வெட்டி ஏலமோ காப்பியோ வைத்திருந்தார்கள். சிலவற்றில் தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக்காக யூகலிப்டஸ் நட்டார்கள். நிழலுக்காகக் கொண்டுவரப்பட்ட மேசோப்சிஸ் என்னும் ஆப்பிரிக்க மரம், அதன் பழத்தை இருவாச்சிகளும் மரநாய்களும் விரும்பித் தின்றதால், தோட்டத்தைத் தாண்டி வனத்துண்டுகளுக்குள்ளும் பரவியது.

இந்தத் துண்டுகள் தனியார் தேயிலை, காப்பி நிறுவனங்களின் நிலத்தில் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டையொட்டி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆய்வாளர்களான திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அந்த நிறுவனங்களின் ஒத்துழைப்போடு இங்கே மழைக்காட்டு மீட்டெடுப்பைத் தொடங்கினார்கள். தொடக்கத்திலிருந்தே அவர்களின் முறை தெளிவானது. களையை அகற்ற வேண்டும். அந்த இடத்துக்கு உரிய இனங்களை மட்டுமே, எவ்வளவு பலவகையாக முடியுமோ அவ்வளவு பலவகையாக நட வேண்டும். ஏற்கெனவே தானாக முளைத்து நிற்கும் கன்றுகளைக் களையோடு சேர்த்து வெட்டிவிடாமல் காக்க வேண்டும். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த மூன்றாவது விதிதான் களத்தில் கடினமானது. உண்ணிப் புதருக்குள் அரிவாளோடு இறங்குபவருக்குச் சாண் உயரப் பாலிக் கன்று எது, களை எது என்று பார்த்த கணத்தில் தெரிய வேண்டும். அந்த அறிவு உள்ளூர்த் தொழிலாளர்களிடம் வளர்ந்ததால்தான் வேலை நடந்தது.

விதை சேகரிப்பிலும் ஒரு நெறி பின்பற்றப்பட்டது. அடர்ந்த காட்டுக்குள் போய் விதை அள்ளுவது அந்தக் காட்டுக்கும் அதன் விலங்குகளுக்கும் இழப்பு. மலைச்சாலைகளின் ஓரத்தில் விழும் விதைகளோ வண்டிச் சக்கரத்தில் நசுங்கும், தாரில் காயும், வடிகாலில் அடித்துப் போகும். அவற்றைப் பொறுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. மரநாயின் எச்சத்தில் கிடக்கும் விதைகளும் நாற்றங்காலுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் இரவில் பழம் தின்று, விதையைச் சிதைக்காமல் வெளியேற்றும் விலங்கு. அதன் வயிறு வழியாக வந்த விதைகள் நன்றாகவே முளைக்கின்றன.

நாற்றங்காலில் நேரம்தான் எல்லாம். பழத்தின் சதையை அன்றே கழுவி நீக்க வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் சொத்தைகளை ஒதுக்குவார்கள். தேறியதை வெயிலில் உலர்த்தாமல் ஈர மணலிலோ நேராகப் பையிலோ ஊன்றுவார்கள். பெரிய விதையின் பலம் இப்போது தெரியும். அதற்குள் இருக்கும் சேமிப்பு உணவு, மங்கலான வெளிச்சத்திலும் கன்றைப் பல மாதங்கள் தாங்கும். அதனால் முதல் இலை விரியும்போதே கன்று திடமாக நிற்கும். எலி தோண்டாமல் கம்பி வலை, வெயில் சுடாமல் நிழல்வலை, தண்ணீர் தேங்காத பை, இவை போதும். குங்கிலியக் குடும்பத்துக்கு மட்டும் இன்னொன்று தேவை. அவற்றின் வேர்கள் சில பூஞ்சைகளோடு கூட்டு வைத்தே மண்ணிலிருந்து சத்தை எடுக்கின்றன. தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடியைப் பைக்குள் கலப்பது அந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதற்காக.

கன்றுகளை ஓராண்டோ இரண்டாண்டோ வளர்த்து, தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, ஜூன், ஜூலை மாதங்களில் நடுவார்கள். நட்ட கன்றின் அருகே குச்சி ஊன்றி, எண் பொறித்த தகடு கட்டப்படும். தகடு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எது பிழைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பக் களையெடுப்பு. யானை நடந்த வழியில் வரிசையாகக் கன்றுகள் மிதிபடும். கடமான் நுனியை மேயும். வனவிலங்குக்காக வளர்க்கும் காட்டில் இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், வேலி போட்டுத் தடுப்பது நோக்கத்துக்கே முரண்.

எவ்வளவு வெளிச்சம்

முதிர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம், திறந்த வெளியில் விழுவதில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அங்கே பிழைக்கப் பழகிய கன்றை மொட்டை வெயிலில் நட்டால் இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பு அளவுக்கு மீறிய ஒளியில் சேதமடையும், இலை வெளுக்கும், வேர் பிடிக்கும் முன்னே கன்று காயும். ஆனைமலையிலும், மேலே ஏற்கெனவே மரக்கவிகை (கிளையும் இலையும் சேர்ந்த கூரை) இருந்த இடங்களில்தான் முதிர்காட்டு இனங்கள் நன்றாகத் தப்பின. இரண்டாம் நிலைக் காட்டின் மதிப்பு இங்கேதான். முன்னோடி மரங்களின் நிழல் அரிய மரங்களுக்குத் தொட்டில்.

ஆனால் நிழலே போதும் என்று எண்ணுவதும் பிழை. நிழல்தாங்கி என்றால் நிழலில் சாகாது என்றுதான் பொருள், நிழலில் வளரும் என்று பொருள் அல்ல. இயற்கையில் இந்தக் கன்றுகள் ஆண்டுக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே நின்று, பக்கத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்து மேலே துளை விழும்போது சட்டென்று உயரும். நடுபவர் அந்தத் துளையைத் தானே உண்டாக்க வேண்டும். எவ்வளவு பெரிய துளை என்பதற்குத் தெளிவான விடை தந்தது இலங்கையின் சிங்கராஜா.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் உள்ள சிங்கராஜா வனத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். பொதுமக்கள் எதிர்ப்பால் 1977-ல் அது நின்றது. 1988-ல் வனம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. வனத்தின் எல்லையில், காடு அழிந்து பெரணி மண்டிய நிலங்களில் கரீபியன் பைன் மரத்தை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். பைன் அயல்மரம், அதன் கீழே உள்ளூர்க் காடு எழவில்லை. 1991-ல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் அந்தப் பைனையே செவிலியாக்கும் சோதனையைத் தொடங்கினார்கள். சில இடங்களில் பைன் கவிகையை அப்படியே விட்டார்கள். சில இடங்களில் ஒரு வரிசையை நீக்கினார்கள். வேறு சில இடங்களில் அடுத்தடுத்த மூன்று வரிசைகளை நீக்கினார்கள். கீழே ஹொர மரம், நாங்கு, இலங்கைக்கே உரிய குங்கிலிய இனங்கள் ஆகியவற்றின் கன்றுகளை நட்டார்கள்.

மூடிய பைன் கவிகையின் கீழே கன்றுகள் பிழைத்தன, ஆனால் வளரவில்லை. மூன்று வரிசை நீக்கிய இடங்களில் பெரும்பாலான இனங்கள் மற்ற எல்லா இடங்களையும் விட நன்றாக வளர்ந்தன. பக்கவாட்டுப் பைன் மரங்கள் காலை, மாலை வெயிலை மறைத்தன. நடுப்பகலில் சில மணி நேரம் மட்டும் நேர் வெயில் கிடைத்தது. இந்தச் சோதனையின் பாடம் சிங்கராஜாவோடு நிற்பதல்ல. நீலகிரியிலும் ஆனைமலையிலும் கைவிடப்பட்ட யூகலிப்டஸ், சீகை மரத்தோட்டங்களை ஒரே வீச்சில் வெட்டி வெறுமையாக்கிவிட்டுக் கன்று நடும் பழக்கத்தை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது. அயல்மரம் என்பதற்காக அவசரப்பட்டு வெட்டும் இடத்தில் அடுத்த மழைக்கு எழுவது பெரும்பாலும் உண்ணிச்செடிதான்.

நடக்கூடாத இடங்களும் உண்டு. ஆனைமலை, நீலகிரி உச்சிகளின் புல்வெளி அழிந்த காடு அல்ல, காலங்காலமாகப் புல்வெளியாகவே இருந்து வரும் தனி உலகம். எவ்வளவு அரிய மரமானாலும் அங்கே அதற்கு இடமில்லை.

யாருடைய பிள்ளைகள்

ஓர் இனத்தில் ஐம்பது மரங்களே மிச்சம் என்றால், கைக்கு எட்டும் ஒரு மரத்திலிருந்து ஆயிரம் விதை எடுத்து ஆயிரம் கன்று வளர்ப்பது எளிது. அப்படி எழும் தோப்பு ஒரே தாயின் பிள்ளைகள். அவை தமக்குள் கலந்து காய்க்கும்போது அடுத்த தலைமுறை நலிவடையும். வெள்ளை அகில் இதற்குச் சான்று. குடகுப் பகுதியின் துண்டான வனங்களிலும் கோயில் காடுகளிலும் இம்மரத்தின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, தனித்துப்போன சிறு கூட்டங்களில் நெருங்கிய உறவுள்ள மரங்களே ஒன்றோடொன்று கலப்பதும், அந்தச் சேர்க்கையில் பிறக்கும் கன்றுகள் வலுவற்றுப் போவதும் தெரிந்தது. மரம் காய்க்கிறது, விதை முளைக்கிறது, ஆனாலும் வாரிசு நிலைக்கவில்லை. எனவே முடிந்தவரை பல தாய்மரங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்களிலிருந்து விதை எடுக்க வேண்டும். ஐம்பது தாய்மரங்கள் என்பது பாதுகாப்பு உயிரியலில் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. எந்த விதை எந்த மரத்தினுடையது என்ற பதிவேடு நாற்றங்காலில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

காட்டு ஜாதிக்காய் போன்ற மரங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றாக இருக்கும்போது எது ஆண், எது பெண் என்று பார்த்து அறிய முடியாது. இரண்டு மூன்று கன்றுகளை மட்டும் கொண்டுபோய் ஒரு துண்டுக்காட்டில் நட்டுவிட்டு வருவது, பல பத்தாண்டுகள் கழித்து ஒரே பாலின மரங்கள் காய்க்காமல் நிற்பதில் முடியலாம். பாலி மரத்தின் சிக்கல் இன்னொரு விதம். அது எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. காய்க்காத ஆண்டில் திட்டத்தின் நிதி முடிந்துவிட்டால் பட்டியலிலிருந்து அந்த மரமே விடுபடும். பல மரம் நடும் திட்டங்களில் புங்கனும் நாவலும் மட்டுமே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அவற்றின் விதை எப்போதும் கிடைப்பதுதான்.

ஓர் இனம் எந்தக் காரணத்தால் அருகியதோ அந்தக் காரணம் நீங்கிய பிறகே அதை மீண்டும் நட வேண்டும் என்கின்றன பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்) 2013-ல் வெளியிட்ட மீளறிமுக வழிகாட்டு நெறிகள். கருங்குங்கிலியம் நல்ல எடுத்துக்காட்டு. சாம்பிராணியாகப் புகையும் அதன் பிசினை ஆனைமலையின் காடர்களும் பிற பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வருகிறார்கள். பொறுமையாக எடுத்தால் மரம் பல ஆண்டு கொடுக்கும். சந்தை அழுத்தம் கூடி, அடிமரத்தை ஆழமாக வெட்டித் தீயும் வைக்கும் இடங்களில் மரம் பட்டுப்போகிறது. அங்கே புதிய கன்று நடுவதற்கு முன் பேச வேண்டியது பிசின் எடுக்கும் முறையைப் பற்றியும் அதற்குக் கிடைக்கும் விலையைப் பற்றியும்.

சுமப்பவர்கள் இல்லாத காடு

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகருக்கு மேலே உள்ள தீஜூக்கா வனம் காப்பிக்காக அழிக்கப்பட்டது. ஊற்றுகள் வற்றி நகரின் குடிநீர் குறைந்ததால் 1861-ல் அரசாணைப்படி அங்கே மரம் நடத் தொடங்கினார்கள். மேஜர் ஆர்ச்சர் என்பவரின் பொறுப்பில், அடிமைகளாக இருந்தவர்களின் உழைப்பில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. வெப்பமண்டலத்தின் மிகப் பழைய மீட்டெடுப்புகளில் இது ஒன்று. இன்று அது அடர்ந்த காடு. ஆனாலும் வேட்டையாலும் தனிமையாலும் விலங்குகள் போய்விட்டதால் பெரிய விதை மரங்கள் பரவ வழியின்றி நின்றன. தெற்காசியாவிலிருந்து போன பலாவோ அங்கே கட்டுமீறிப் பரவியது.

எனவே 2010-ஐ ஒட்டி, விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும் பழக்கமுள்ள அகூட்டி என்னும் கொறிவிலங்கை அங்கே மீண்டும் விட்டார்கள். 2015-ல் ஊளைக் குரங்குகள் வந்தன. அகூட்டிகள் புதைத்து மறந்த விதைகளிலிருந்து கன்றுகள் எழ ஆரம்பித்தன. மரத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தால் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு.

இந்த வகையில் மேற்குத் தொடர்ச்சி மலை கொடுத்து வைத்தது. வால்பாறைத் துண்டுகளின் மேல் பெரிய இருவாச்சி இன்னும் பறக்கிறது, மலைப்புறாவும் மரநாயும் இருக்கின்றன, புதுத்தோட்டம் போன்ற துண்டுகளில் சோலைமந்திகள் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றுக்கு உரிய மரங்கள் குறைந்ததால்தான் சோலைமந்தி மேசோப்சிஸ் பழத்துக்கும் காப்பிக்கும் வீட்டுக் கூரைக்கும் இறங்கி வருகிறது. வெடிபலாவும் காட்டு ஜாதிக்காயும் கருங்குங்கிலியமும் துண்டுகளில் மீண்டும் காய்க்கும் நாளில், அவற்றின் விதையைச் சுமக்க அங்கே ஆள் இருக்கும்.

பலன் என்ன

ஆனைமலையில் களையெடுத்து நட்டு மீட்ட இடங்களையும், தானாக மீளட்டும் என்று விட்ட இடங்களையும், அருகில் உள்ள முதிர்காட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. கவிகை அடர்த்தி, கரிமச் சேமிப்பு, மர இனங்களின் பன்மை ஆகியவற்றில் நட்டு மீட்ட இடங்கள் முந்தியிருந்தன. போர்னியோவின் சபாவில், மரம் வெட்டப்பட்ட காடுகளில் குங்கிலியக் குடும்பக் கன்றுகளை வரிசையாக நட்டுக் கொடிகளை நீக்கிய இடங்களின் அளவீடுகள் 2020-ல் வெளியாயின. தானாக மீண்ட காடு ஆண்டுக்கு எக்டேருக்கு 2.9 டன் கரிமம் சேர்த்தது, நட்டு மீட்ட காடு 4.4 டன் சேர்த்தது. அதே சபாவில் 2002-லிருந்து 500 எக்டேரில் நடக்கும் சோதனை, ஒரே இனத்தை நட்ட இடத்தைவிடப் பதினாறு இனங்களைக் கலந்து நட்ட இடம் வேகமாக மீள்வதைக் காட்டுகிறது.

இவை காட்டைப் பற்றிய கணக்குகள். தனித்தனி அரிய இனங்களின் கணக்கு இவ்வளவு நிறைவு தருவதாக இல்லை. மரம், செடி என எல்லா வகைத் தாவரங்களின் மீளறிமுக முயற்சிகளையும் உலக அளவில் தொகுத்துப் பார்த்த 2011 ஆய்வில், நட்டவற்றில் சராசரியாக 52 சதவீதம் பிழைத்தன, 19 சதவீதம் பூத்தன, 16 சதவீதம் காய்த்தன. பெரும்பாலான திட்டங்கள் நாலைந்து ஆண்டுகளுக்கு மேல் கண்காணிக்கப்படவே இல்லை. மழைக்காட்டு மரம் காய்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நட்ட மரம் காய்த்து, அதன் விதை மனிதர் கை படாமல் முளைத்து, அந்தக் கன்று கவிகையை எட்டினால்தான் அந்த இனம் திரும்பியதாக உறுதியாகச் சொல்ல முடியும். ஆனைமலையிலும் சிங்கராஜாவிலும் நட்ட மரங்களின் வயது அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

நிற்கும் தாய்மரங்களைக் காப்பதற்கு இதில் எந்தக் காத்திருப்பும் தேவையில்லை. தோட்ட ஓரத்திலும் சாலை விரிவாக்கத்திலும் ஒரு முதிர்ந்த குங்கிலியத்தை வெட்டிவிட்டு, ஈடாகப் பத்துக் கன்று நட்டதாகக் கணக்கு எழுதுவது ஈடே ஆகாது. அந்த மரத்தின் விதைதான் அடுத்த ஐம்பது ஆண்டு நாற்றங்காலுக்கு வர வேண்டியது. அதேபோல, கன்று நடுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, பின்வரும் களையெடுப்புக்கும் பத்தாண்டுப் பதிவுக்கும் கண்காணிப்புக்கும் எதுவும் ஒதுக்காத திட்டங்களை அரிய மரங்களை வைத்துத் தொடங்கவே கூடாது.